சொந்தப் பாணி தேடும் இலஸ்ட்ரேஷன் மாணவருக்கு: முடித்த வேலைகளைத் திருத்துவதிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

"எனக்கென்று ஒரு பாணி எப்படி வரும்?" இலஸ்ட்ரேஷன் படிக்கும் மாணவர்கள் ஒரு கட்டத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கேட்ட கையோடு புது பிரஷ் தேடுவார்கள், வண்ணத் தொகுப்பை மாற்றுவார்கள், பிடித்த ஓவியர் கண்ணும் மூக்கும் வரையும் விதத்தை எடுத்துக்கொள்வார்கள். மேல்பூச்சு மாறும், படம் அப்படியே இருக்கும்.

வரையும்போது நீங்கள் திரும்பத் திரும்ப எடுக்கும் முடிவுகளின் தொகுப்புதான் பாணி. அந்த முடிவுகள் உங்கள் கண்ணுக்கே தெரிய வேண்டுமென்றால், ஏற்கெனவே முடித்த வேலைகளை ஒழுங்காகத் திருத்திப் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வேலையைப் படிப்படியாகச் சொல்கிறது.

வரிசை இதுதான்: கருத்து, அமைப்பு, டோன் (எது வெளிர், எது அடர் என்ற அளவு), உருவம், கோடு, வண்ணம். டெக்ஸ்ச்சர் (மேற்பரப்பின் சொரசொரப்பு) கடைசி. ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதன் மேல் நிற்கிறது. வண்ணம் போட்ட பிறகு அமைப்பை மாற்றினால், போட்ட வண்ணம் அத்தனையும் வீண். அதனால் வரிசையைக் கலைக்காதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு 2பி பென்சில், தடிமனான கறுப்பு மார்க்கர், சாம்பல் மார்க்கர், ட்ரேசிங் பேப்பர், சாதாரண வெள்ளைத் தாள். டிஜிட்டலில் வரைபவர்களுக்கும் முதல் சில படிகளைத் தாளில் செய்யச் சொல்வேன். தாளில் ஜூம் செய்ய முடியாது. அந்தத் தடையே இங்கே உதவி.

பழைய படங்களின் மூலக் கோப்புகளை லேயர்களோடு (ஒன்றன் மேல் ஒன்றான அடுக்குகளோடு) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாளில் வரைந்ததை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். அந்தப் பிரதியைத் தனி ஃபோல்டரில் போட்டு, அதை மட்டும் தொடவே கூடாது. கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

அப்புறம் ஒரு நோட்டு. இதில் படம் வரையப் போவதில்லை. ஒவ்வொரு படியிலும் எதைத் தேர்ந்தீர்கள், ஏன் தேர்ந்தீர்கள் என்று ஓரிரு வரி எழுதப் போகிறீர்கள். மாணவர்கள் முதலில் கைவிடுவது இந்த நோட்டைத்தான். பாணியைக் கண்டெடுக்கும் 11ஆம் படி முழுக்க இதை நம்பித்தான் நடக்கிறது, எனவே இதை விடாதீர்கள்.

2. எந்தப் படங்களைத் திருத்துவது

மூன்று படங்கள் போதும். படுமோசமான படத்தை எடுக்காதீர்கள். அதில் எல்லா மட்டத்திலும் பிரச்சினை இருக்கும், எது எதனால் என்று பிரித்தறிய முடியாது. எல்லோரும் பாராட்டிய படமும் வேண்டாம், அதைத் திருத்தக் கை வராது. "கிட்டத்தட்ட சரியாக வந்தது, ஆனால் ஏதோ குறைகிறது" என்று தோன்றும் படங்களே ஏற்றவை.

மூன்றும் மூன்று விதமாக இருக்கட்டும்: ஒரு பாத்திரம், ஒரு காட்சி, ஒரு கதைக்கோ கட்டுரைக்கோ வரைந்த படம். ஒரே விதமான மூன்றை எடுத்தால், பிறகு தெரிவது உங்கள் பாணியா அல்லது அந்த வகைப் படத்தின் வழக்கமா என்று சொல்ல முடியாமல் போகும்.

3. படம் சொல்வதை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

"சிறுமி மழையில் நிற்கிறாள்" என்று எழுதினால் போதாது. "பேருந்து தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டது என்பதைச் சிறுமி இந்த நொடியில் உணர்கிறாள்" என்று எழுதுங்கள். இந்த இரண்டாவது வாக்கியம் பல முடிவுகளை உங்களுக்காக எடுத்துவிடுகிறது. பேருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும், அவள் முகம் எந்தப் பக்கம், நடுவில் எவ்வளவு வெறும் இடம் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. முதல் வாக்கியத்தில் மழையைத் தவிர ஒன்றும் இல்லை.

பழைய படத்தைத் தலைப்பு இல்லாமல் இரண்டு பேரிடம் காட்டி, "என்ன நடக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் கொடுக்காதீர்கள். அவர்கள் சொல்வதும் உங்கள் வாக்கியமும் ஒத்துப்போகவில்லை என்றால், பிரச்சினை கோட்டிலோ வண்ணத்திலோ இல்லை, இங்கேதான்.

எழுத்தோடு சேர்ந்து வரும் படமாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். எழுத்து ஏற்கெனவே சொன்னதையே படமும் சொன்னால் வாசகருக்குப் படம் தேவையில்லை. எழுத்து விட்டுவைத்த இடத்தைத் தேடி வாக்கியத்தை மாற்றுங்கள்.

4. தம்ப்நெய்ல்: சின்னதாக, நிறைய

தம்ப்நெய்ல் என்பது படத்தின் அமைப்பை மட்டும் சோதிக்கும் சின்ன வரைவு. இந்தப் படியில் நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள். முழு வேலையிலும் இதுதான் மலிவான இடம். இங்கே ஒரு தவறைத் திருத்த இரண்டு நிமிடம் ஆகும், அதே தவறைக் கடைசியில் திருத்த இரண்டு நாள் ஆகும்.

முதலில் சட்டத்தைச் சரியான விகிதத்தில் போடுங்கள். ஏ4 தாளின் அளவு 210 × 297 மிமீ. அதற்கான தம்ப்நெய்ல் 5 செமீ அகலம் என்றால், உயரம் சுமார் 7.1 செமீ. மனம்போன போக்கில் பெட்டி போட்டு அதில் அழகான அமைப்பு வரைந்துவிட்டு, பெரிய தாளுக்கு மாற்றும்போது பக்கத்தில் இடம் மிஞ்சி, அங்கே ஒரு மரத்தை நட்டு நிரப்புவது அடிக்கடி நடக்கிறது.

ஒரு படத்துக்குக் குறைந்தது 20 தம்ப்நெய்ல். மாணவர்கள் ஐந்தோடு நிறுத்தப் பார்ப்பார்கள். ஆனால் முதலில் வரும் ஐந்தும் நினைவிலிருந்து வருபவை, அதே தலைப்பைக் கொடுத்தால் யாருக்கும் அவைதான் தோன்றும். அவை தீர்ந்து கை தயங்கும் இடத்தில்தான் நீங்கள் யோசிக்கவே ஆரம்பிக்கிறீர்கள்.

ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: பார்க்கும் உயரம், தூரம், நொடி, முக்கிய உருவம் இருக்கும் இடம். அந்தச் சிறுமியை மேலிருந்து பார்த்தால் அவள் சின்னதாகித் தனிமை கூடுகிறது. பேருந்தின் பின்கண்ணாடி வழியே பார்த்தால் கதை பேருந்துக்குள் இருக்கும் ஒருவருடையதாகிவிடுகிறது. கோணத்தை மாற்றும்போது கதையே மாறுகிறது என்பதை இந்தச் சின்னப் பெட்டிகளில்தான் சோதிக்க முடியும்.

வரையும்போதே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். எழுத்துக்கோ தலைப்புக்கோ இடம் வேண்டுமா? வேண்டுமென்றால் இப்போதே ஒதுக்குங்கள், பிறகு ஒதுக்கினால் அது திணித்த இடமாகத்தான் தெரியும். இரண்டு பக்கம் விரியும் படமா? அப்படியானால் நடு மடிப்பில் முகமோ கையோ வரக் கூடாது, தைத்த புத்தகத்தில் அது உள்ளே விழுங்கப்படும். மூன்றாவது, இரண்டு விளிம்புகள் உரசிக்கொள்கின்றனவா? தலையின் உச்சி தொடுவானத்தை மட்டும் தொட்டு நின்றாலும், தோள் சட்டத்தின் ஓரத்தை உரசி நின்றாலும் ஆழம் செத்துவிடும். ஒன்று நன்றாக மேலே ஏறட்டும், இல்லையேல் விலகட்டும்.

20ல் மூன்றைத் தேர்ந்து சுவரில் ஒட்டுங்கள். பழைய படத்தையும் அதே அளவில் ஒரு தம்ப்நெய்லாக வரைந்து பக்கத்தில் வையுங்கள். மறுநாள் கை நீட்டும் தூரத்தில் நின்று பார்த்து ஒன்றை எடுங்கள். ஏன் எடுத்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். "நன்றாக இருந்தது" என்று எழுதக் கூடாது. "மேல்பாதி வெறுமையாக இருப்பதால் காத்திருப்பு தெரிகிறது" என்பதுபோல எழுத வேண்டும். பழைய அமைப்பே சிறந்தது என்று தோன்றினால் அதையே வைத்துக்கொள்ளலாம், அதற்கும் காரணம் எழுதுங்கள்.

5. மூன்றே டோன்

தேர்ந்த தம்ப்நெய்லை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்ற மூன்று டோனில் மட்டும் திரும்ப வரையுங்கள். நான்காவது கிடையாது. எந்த உருவம் எந்தக் கூட்டத்தில் சேரும் என்று முடிவெடுக்க இது கட்டாயப்படுத்தும். அடர்நிற மேலங்கி அணிந்தவரும் அவர் பின்னால் உள்ள சுவரும் ஒரே கறுப்பில் கரைந்துபோகலாம், அது பிழையல்ல. எல்லாவற்றுக்கும் தனித்தனி விளிம்பு வேண்டும் என்ற ஆசையைத்தான் இங்கே விட வேண்டும்.

மூன்றையும் சம அளவில் பங்கிடாதீர்கள். ஒன்று பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளட்டும், ஒன்று நடுத்தரமாக இருக்கட்டும், ஒன்று கொஞ்சமாக. வெள்ளையும் கறுப்பும் நேருக்கு நேர் மோதும் இடத்துக்குக் கண் முதலில் போகும். அந்த இடம் உங்கள் வாக்கியத்தின் மையமாக இருக்க வேண்டும். பல மாணவர் படங்களில் அந்த மோதல் ஜன்னல் கம்பியிலோ காலணியிலோ இருக்கும், முகம் சாம்பலில் மூழ்கிக் கிடக்கும்.

பழைய படத்தின் டோனையும் சோதியுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் டீசாச்சுரேட் (வண்ணத்தை நீக்கும்) கட்டளையைப் பயன்படுத்தினால் தூய மஞ்சளும் தூய நீலமும் ஒரே சாம்பலாகிவிடும். நம் கண்ணுக்கோ மஞ்சள் வெளிர், நீலம் அடர். ஆகவே அதை நம்ப வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கறுப்பு லேயரைப் போட்டு, பிளெண்ட் மோடை (லேயர்கள் கலக்கும் முறையை) கலர் என்று வையுங்கள். கண் பார்க்கும் டோனுக்கு நெருக்கமாக வரும். தாளில் வரைந்த படமென்றால் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், அல்லது கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள்.

மூன்று டோனில் படம் புரிந்தால் ஐந்து டோனுக்குப் போகலாம். புரியாவிட்டால் 4ஆம் படிக்குத் திரும்புங்கள். ஷேடிங் கூட்டினால் சரியாகும் என்று மேலே போவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை.

6. ரெஃபரன்ஸ் (பார்த்து வரையும் புகைப்படம்) இப்போதுதான்

அமைப்பு முடிவாகும் முன் புகைப்படம் பார்த்தால், புகைப்படக்காரரின் அமைப்பு உங்கள் கையில் ஏறிவிடும். அதனால்தான் இதை இங்கே வைத்திருக்கிறேன்.

ஒரே படத்தை நம்பாதீர்கள். கைக்கு ஒன்று, துணி மடிப்புக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று என்று பலவற்றைச் சேருங்கள். முடிந்தவரை நீங்களே நின்று, விளக்கைச் சரியான பக்கம் வைத்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேறொருவரின் ஒரு புகைப்படத்தை அப்படியே வரைந்தால் அதில் உரிமைப் பிரச்சினையும் உண்டு, உங்கள் முடிவு என்று சொல்ல எதுவும் மிஞ்சுவதும் இல்லை.

7. உருவமும் கோடும்

முக்கிய உருவங்களை முழுக்கக் கறுப்பால் நிரப்பி நிழலுருவாகப் பாருங்கள். என்ன செய்கிறார்கள் என்று புரிகிறதா? கையை உடம்புக்கு முன்னால் வைத்தால் நிழலுருவில் கை காணாமல் போகும். கொஞ்சம் வெளியே நகர்த்தினால் செயல் தெரியும். படத்தை இடம் வலமாகத் திருப்பியும் பாருங்கள். தாளில் என்றால் ட்ரேசிங் பேப்பரைப் புரட்டினால் போதும். சாய்ந்த முகங்களும் ஒரு பக்கம் இறங்கிய கண்களும் உடனே தெரியும்.

அப்புறம் கோடு. "ஸ்கெட்ச் உயிரோடு இருந்தது, ஃபைனல் செத்துப்போச்சு" என்று மாணவர்கள் வருந்தும் இடம் இது. காரணம் எளிது. ஸ்கெட்ச்சில் நீங்கள் தோளை வரைந்தீர்கள், ஃபைனலில் தோளின் கோட்டைப் படியெடுக்கிறீர்கள். கை மெதுவாகிறது, கோடு நடுங்குகிறது, தடிமன் ஒரே சீராகிறது.

இதற்கு நான் சொல்லும் வழி: ஸ்கெட்ச்சை இறுதி அளவுக்குப் பெரிதாக்கி, ஒபாசிட்டியை 15 அல்லது 20 சதவீதமாகக் குறைத்து மங்கலாக்குங்கள். அது வழி காட்ட வேண்டும், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு வளைவை ஒரே இழுப்பில் போடுங்கள். பிடிக்கவில்லையென்றால் முழு வளைவையும் அழித்துத் திரும்பப் போடுங்கள். துண்டு துண்டாக ஒட்டவைக்காதீர்கள். ஸ்கெட்ச்சில் உயிராக இருந்த பகுதியை அப்படியே ஃபைனலில் வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. பலருடைய உண்மையான கோடு அந்த அவசரக் கோடுதான்.

எந்த வகைக் கோடு என்பதைத் தொடங்கும் முன் தீர்மானியுங்கள்: ஒரே தடிமனா, ஏறி இறங்குவதா, விட்டு விட்டு வருவதா, கோடே இல்லாததா? முகத்தில் ஒரு வகை, பின்னணியில் வேறு வகை என்று வந்தால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

அச்சாகும் அளவைவிடப் பெரிதாக வரைந்தால் கோடும் சேர்ந்து சுருங்கும். ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்த படத்தில் 0.3 மிமீ கோடு, அச்சில் 0.2 மிமீ ஆகிவிடும். மெல்லிய கோட்டை நம்பிய படம் அங்கே வெளிறிப்போகும்.

8. வண்ணம்

மூன்று வண்ணம், ஓர் அடர்நிறம், தாளின் வெள்ளை. இந்த அளவோடு தொடங்குங்கள். குறைவாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கும். நான்கைந்து சின்ன வண்ணச் சோதனைகளைச் செய்து, ஒவ்வொன்றையும் டோன் வரைவோடு ஒப்பிடுங்கள். வண்ணம் எவ்வளவு வேண்டுமானாலும் மாறலாம், டோன் மாறக் கூடாது.

வண்ணத்தைத் தனியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆரஞ்சுக்கு நடுவில் வைத்த வெறும் சாம்பல் நீலம் பாய்ந்ததுபோலத் தெரியும். பக்கத்து வண்ணத்தோடு வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறும். குவாஷில் (ஒளி ஊடுருவாத நீர் வண்ணம்) வெளிர் நிறங்கள் காய்ந்ததும் சற்று அடர்வாகவும், அடர் நிறங்கள் சற்று வெளிராகவும் மாறும். எனவே அதே தாளின் துண்டில் பூசி, காயவைத்துப் பாருங்கள்.

9. அச்சுக்கான தயாரிப்பு

ஏ4 படம் 300 டிபிஐயில் 2480 × 3508 பிக்சல். ஓரம் வரை வண்ணம் போகும் படத்துக்கு, வெட்டுக்காக நான்கு பக்கமும் வழக்கமாக 3 மிமீ பிளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) சேர்ப்பார்கள். அப்போது 2551 × 3579. இதை முதல் நாளே கேன்வாஸில் வையுங்கள். சின்னக் கோப்பைக் கடைசியில் பெரிதாக்கினால் விவரம் கூடாது, மங்கல்தான் கூடும்.

திரையின் ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீல ஒளி) ஒளிரும் பச்சை, மின்னும் நீலம், நியான் ஆரஞ்சு எல்லாம் சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை) அச்சில் மங்கிவிடும். வண்ணத்தை முடிவு செய்யும் முன்பே ப்ரூஃப் காட்சியில் (அச்சில் எப்படி வரும் என்று திரையில் காட்டும் வசதி) பார்த்துவிடுங்கள். மெல்லிய கறுப்புக் கோடு கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு மையும் கலந்திருந்தால், மைகள் ஒன்றன் மேல் ஒன்று பொருந்துவது துளி விலகினாலும் கோட்டைச் சுற்றி வண்ண ஓரம் தெரியும்.

10. கருத்து கேட்க வேண்டிய நேரம்

முடித்த பிறகு கேட்டால் "நல்லா இருக்கு" என்பார்கள். சொல்பவருக்கும் மனம் வராது, மாற்ற உங்களுக்கும் மனம் வராது. டோன் வரைவு முடிந்ததும் ஒரு முறை, கோடு முடிந்ததும் ஒரு முறை கேளுங்கள்.

கேள்வி குறிப்பாக இருக்கட்டும்: "முதலில் எங்கே பார்த்தீர்கள்?", "இது பகலா, இரவா?", "இவர்கள் இருவருக்கும் என்ன உறவு?" இரண்டு பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே கட்டாயம் ஏதோ இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லும் தீர்வு சரியாக இருக்க வேண்டியதில்லை. "முகத்தைப் பெரிதாக்கு" என்பார்கள், பின்னணியைக் கொஞ்சம் வெளிறச் செய்தாலே முகம் முன்னுக்கு வந்துவிடலாம்.

11. நோட்டிலிருந்து பாணியைக் கண்டெடுப்பது

மூன்று படங்களும் முடிந்த பிறகே இந்தப் படி. பழையவையும் புதியவையும் தரையில் பரப்பி, நோட்டைத் திறந்து உட்காருங்கள்.

எழுதிவைத்த காரணங்களில் எது திரும்ப வருகிறது என்று அடிக்கோடிடுங்கள். வெற்றிடத்தை அதிகம் விடுகிறீர்களா? பார்வையைத் தாழ வைக்கிறீர்களா? உருவங்கள் உருண்டையா, கூர்கோணங்கள் கொண்டவையா? கறுப்பு பெரும்பங்கா, சிறு பங்கா? செயல் நடக்கும் நொடியை எடுக்கிறீர்களா, நடந்து முடிந்த அடுத்த நொடியையா? எதை வரையாமல் விடுகிறீர்கள்? மூன்றில் இரண்டு படங்களிலாவது வந்தவற்றைத் தனித் தாளில் எழுதுங்கள்.

இப்போது ஒரு கடினமான வடிகட்டல். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் பார்த்து, "இது நான் தேர்ந்ததா, தவிர்த்ததா?" என்று கேளுங்கள். எல்லாப் பாத்திரங்களும் கையைச் சட்டைப் பைக்குள் விட்டிருந்தால் ஒரு சோதனை: வெளியே நீட்டிய கைகளோடு அதே பாத்திரத்தை வரையுங்கள். வரைய முடிந்து, அதன் பிறகும் பைக்குள் இருப்பதே நன்றாக இருந்தால் அது பாணி. வரைய முடியவில்லையென்றால் அது பயிற்சி செய்ய வேண்டிய இடம், பயிற்சிப் பட்டியலுக்குப் போகட்டும். இயலாமையைப் பாணி என்று பெயரிட்டு வைத்துக்கொண்ட மாணவர்கள், அந்தக் கையை ஒரு வாடிக்கையாளர் கேட்கும் நாளில் திண்டாடுகிறார்கள்.

மிஞ்சியவற்றை ஆறேழு விதிகளாக எழுதுங்கள். "மேல் மூன்றில் ஒரு பங்கு காலி", "தோலுக்குத் தாளின் நிறம், கோடு மட்டும்", "ஒரு படத்தில் ஒரே ஒரு சூடான வண்ணம்" என்பதுபோல. "மென்மையான உணர்வு", "கனவுத்தன்மை" போன்றவை விதியாகாது. மறுநாள் காலை மேசையில் உட்கார்ந்தால் அவற்றைக் கொண்டு எதையும் செய்ய முடியாது.

12. பிறர் வேலையைப் படிக்கும் முறை

விதிகள் எழுதிய பிறகு பிறரிடம் போங்கள். அப்போதுதான் உங்களுக்கு எது குறைகிறது என்று தெரிந்து தேடுவீர்கள். ஒருவரை மட்டும் படித்தால் நகலாவீர்கள். வேறு வேறு ஊடகங்களில் வேலை செய்யும் மூன்று பேரையாவது எடுங்கள்.

முடிந்த படத்தைப் பார்த்து அப்படியே வரையாதீர்கள். அதை மூன்று டோன் தம்ப்நெய்லாக மாற்றுங்கள், பயன்படுத்திய வண்ணங்களை எண்ணுங்கள், கோடு எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். அதிலிருந்து ஒரு விதியை எடுத்து, உங்கள் சொந்த விஷயத்தில் போட்டுப் பாருங்கள். ஒட்டினால் வைத்துக்கொள்ளலாம். பயிற்சிப் பிரதிகள் நோட்டிலேயே இருக்கட்டும், போர்ட்ஃபோலியோவுக்கு (வேலை தருபவரிடம் காட்டும் தொகுப்புக்கு) போகக் கூடாது.

13. விதிகளைத் தொடரில் சோதியுங்கள்

ஒரு படத்தில் எந்த விதியும் வேலை செய்யும். ஒரு சிறு கதையை எடுத்து ஆறு படங்கள் போடுங்கள். பகல், இரவு, உள்ளே, வெளியே, கூட்டம், தனி ஆள் எல்லாம் அதில் வர வேண்டும். கூட்டத்திலும் இருட்டிலும் உடையும் விதிகளைத் திருத்துங்கள், அல்லது நீக்குங்கள்.

முதல் படத்தை முழுதாக முடித்துவிட்டு இரண்டாவதைத் தொடங்காதீர்கள். ஆறுக்கும் தம்ப்நெய்ல், பிறகு ஆறுக்கும் டோன், பிறகு ஆறுக்கும் கோடு என்று போங்கள். ஒவ்வொன்றாக முடித்தால், ஆறாவது படம் வருவதற்குள் கை மாறியிருக்கும், முதல் படம் வேறொருவர் வரைந்ததுபோல நிற்கும். பாத்திரத்தின் முன், பக்கம், பின் தோற்றங்களை ஒரே தாளில் வரைந்து மேசையில் ஒட்டிக்கொண்டே வேலை செய்யுங்கள்.

14. போர்ட்ஃபோலியோவுக்குத் தேர்ந்தெடுப்பது

10 முதல் 15 படங்கள் போதும். "எல்லாம் தெரியும்" என்று காட்ட ஒவ்வொரு பாணியிலும் ஒன்று வைப்பார்கள். வேலை கொடுப்பவருக்கோ, தன் படம் இதில் எந்த மாதிரி வரும் என்று ஊகிக்க முடியாது. எந்த வகை வேலை வர வேண்டும் என்று விரும்புகிறீர்களோ அந்த வகையை வையுங்கள். தொடரிலிருந்து அடுத்தடுத்த மூன்று படங்களைச் சேர்த்து வைத்தால், பாத்திரத்தை மாறாமல் வரைய உங்களால் முடியும் என்பது தெரியும். வலுவானதை முதலிலும், அடுத்த வலுவானதைக் கடைசியிலும் வையுங்கள்.

திருத்திய மூன்றில் ஒன்றுக்கு மட்டும் தம்ப்நெய்ல், டோன், முடிவு மூன்றையும் ஒரே பக்கத்தில் காட்டலாம். பழைய பதிப்பைச் சேர்க்க வேண்டாம். நோட்டில் அடுத்த சுற்றுக்கு நான்கு மாதம் தள்ளி ஒரு தேதி குறித்துவிடுங்கள். அப்போது புதிதாக முடித்த இரண்டு படங்களோடு, இப்போது திருத்திய ஒன்றையும் சேர்த்து எடுத்து 3ஆம் படியிலிருந்து தொடங்குங்கள்.